ஜவ்வாது மலை வீடுகளும் ரேடான் வாயுவும்

(மலைப்பகுதிப் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நிகழ்த்திய சொற்பொழிவு)



சாமை விதையைப் பற்றியோ, தேன் கூட்டுறவைப் பற்றியோ, கோவிலூர்ப் பாதையைப் பற்றியோ பேசுவதற்கு வந்திருந்தால் என்னைவிட நீங்களே நன்றாகப் பேசுவீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் உங்களுள் பலருக்குப் புதியதாக இருக்கும். அது ஒரு வாயு. அதன் பெயர் ரேடான். கண்ணுக்குத் தெரியாது, மணம் இல்லை, சுவையும் இல்லை. உங்கள் வீட்டுத் தரைக்கு அடியில் உள்ள மண்ணிலிருந்து அது ஓயாமல் புறப்பட்டுக்கொண்டிருக்கிறது. இந்த நிமிஷத்திலும் நாம் அனைவரும் அதைச் சிறிது சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறோம். இதைக் கேட்டு யாரும் திடுக்கிட வேண்டாம். மனிதன் தோன்றிய நாள்முதல் அப்படித்தான்.

அவ்வாறாயின் இப்பொழுது அதைப்பற்றிப் பேசுவானேன் என்று கேட்பீர்கள். காரணம், நம் வீடுகள் மாறி வருகின்றன. மண் சுவரும் புல் கூரையும் கொண்ட வீடுகள் குறைந்து, செங்கல்லும் சிமெண்டும் கான்கிரீட்டும் கொண்ட வீடுகள் பெருகுகின்றன. 2016-ல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமப்புற வீட்டு வசதித் திட்டத்தில் ஒரு வீட்டிற்குக் குறைந்த அளவு 25 சதுர மீட்டர் என்று வகுத்தார்கள். 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டிற்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். மழைக்கு ஒழுகாத வீடு கிடைப்பது பெரும் பேறு, அதில் ஐயமில்லை. ஆனால் புல் கூரை வீட்டில் கூரைக்கும் சுவருக்கும் இடையே காற்று தானாகப் போய் வரும். கான்கிரீட் வீட்டில் நாம் வழி விட்டால்தான் காற்று வரும். அந்த வழியை எங்கே விடுவது என்பதை வீடு கட்டும்பொழுதே தீர்மானிக்க வேண்டும். கட்டி முடித்த பின் தீர்மானிப்பது செலவான காரியம்.

முதலில் இந்த வாயு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

எல்லாப் பாறையிலும், எல்லா மண்ணிலும் யுரேனியம் என்னும் உலோகம் சிறிதளவு கலந்திருக்கிறது. அது தானே மெல்ல மெல்லச் சிதைந்து வேறு பொருள்களாக மாறுகிறது. அதில் பாதி சிதைய ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள் ஆகும். அது சிதைந்து வரும் வழியில் ரேடியம் உண்டாகிறது. ரேடியத்தில் பாதி சிதைய 1,600 ஆண்டுகள். ரேடியம் சிதைந்தால் ரேடான். இதுவரை வந்தவை யாவும் திடப்பொருள்கள். கல்லோடு கல்லாகக் கிடந்தன. ரேடான் ஒன்றுதான் வாயு. ஆகவே அது மண்ணின் இடுக்குகள் வழியே மேலேறி வெளிவந்து விடுகிறது. அதன் ஆயுள் குறைவு. ஒரு மரக்கால் சாமை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நாளுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் அது அரை மரக்காலாகிறது. மேலும் நான்கு நாளில் கால் மரக்கால். ரேடான் குறைவதும் இப்படித்தான். திறந்த வெளியில் அது காற்றோடு கலந்து போய்விடும். மூடிய அறைக்குள் புகுந்தால் தங்கும்.

ரேடானைவிட அதன் பிள்ளைகளே பொல்லாதவை. ரேடான் சிதையும்பொழுது பொலோனியம், ஈயம், பிஸ்மத் ஆகியவற்றின் மிக நுண்ணிய துகள்கள் பிறக்கின்றன. இவை புகையிலும் தூசியிலும் ஒட்டிக்கொண்டு மூச்சோடு நுரையீரலுக்குள் போய் அங்கேயே படிகின்றன. படிந்த இடத்தில் இருந்து ஆல்பா என்னும் கதிரை வீசுகின்றன. இந்தக் கதிர் மெல்லிய காகிதத்தைக்கூடத் தாண்டாது. நம் மேல்தோலையும் தாண்டாது. ஆனால் நுரையீரலுக்குள் தோல் இல்லையே! அங்கே அது உயிரணுக்களை நேரே தாக்குகிறது. பல ஆண்டுகள் அவ்வாறு தாக்கினால் சிலருக்குப் புற்றுநோய் வருகிறது.

இது ஏட்டில் எழுதிய கற்பனை அன்று. ஜெர்மனி நாட்டில் ஷ்னீபெர்க் என்ற மலை ஊரில் வெள்ளி முதலிய உலோகங்களை வெட்டி எடுத்த சுரங்கத் தொழிலாளர்கள் நூற்றாண்டுக்கணக்கில் ஒரு மார்பு நோயால் இளவயதில் மாண்டார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘மலை நோய்’ என்பது. 1879-ல் இரண்டு மருத்துவர்கள் அது நுரையீரலில் உண்டாகும் கட்டி என்று கண்டு சொன்னார்கள். காரணம் ரேடான் என்பது பின்னர்தான் விளங்கியது. ஏனெனில் அந்த வாயு கண்டுபிடிக்கப்பட்டதே 1900 வாக்கில். 1988-ல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் ரேடானைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது.

சுரங்கத்தில் இருப்பது சரி, வீட்டிலும் இருக்குமா? 1956-ல் சுவீடன் நாட்டில் வீடுகளை அளந்து பார்த்து, இருக்கிறது என்று கண்டார்கள். எனினும் உலகம் விழித்துக்கொண்டது 1984-ல்தான். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் லிமெரிக் என்ற இடத்தில் அணு மின்நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளர் வேலை பார்த்தார். வாயிலில் கதிரியக்கத்தைக் கண்டு ஒலிக்கும் கருவி ஒன்று இருந்தது. வேலை முடிந்து வெளியே போகிறவர் உடம்பில் ஏதேனும் ஒட்டியிருக்கிறதா என்று அறிவதற்காக வைத்தது அது. இவர் காலையில் வேலைக்கு உள்ளே நுழையும்பொழுதே அது அலறியது! நிலையத்திலிருந்து அவர் வீட்டுக்கு எதுவும் போகவில்லை. வீட்டிலிருந்துதான் அவர் உடுப்பில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. வீட்டை அளந்தபொழுது ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ ஒரு லட்சம் பெக்கெரல் இருந்தது. அடுத்தடுத்த வீடுகளில் அவ்வளவு இல்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டின் அளவைக்கொண்டு அயல் வீட்டின் அளவைச் சொல்ல முடியாது.

பெக்கெரல் என்றேன். அது ஓர் அளவு. ஒரு நொடியில் ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கெரல். முந்நூறு சதுர அடித் தரையும் பத்தடி உயரமும் உள்ள வீட்டிற்குள் ஏறத்தாழ 85 கன மீட்டர் காற்று இருக்கும். கன மீட்டருக்கு 100 பெக்கெரல் என்றால், அந்த வீட்டுக்குள் நொடிக்கு 8,500 ரேடான் அணுக்கள் சிதைகின்றன என்பது பொருள். எண் பெரிதாகத் தோன்றினாலும் உலக சுகாதார நிறுவனம் 2009-ல் சொன்ன வரம்பு அதுதான்: இயன்றால் 100-க்குள் இருக்கட்டும், இயலாத நாடுகளிலும் 300-ஐத் தாண்ட வேண்டாம். உலகத்து வீடுகளின் சராசரி 40 பெக்கெரல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் நம் நாட்டின் பல பகுதிகளில் வீடுகளை அளந்ததில் சராசரி ஏறத்தாழ 23 பெக்கெரலே கிடைத்தது. குளிர் நாட்டார் ஆறு மாதம் கதவடைத்து நெருப்பு மூட்டி உட்கார்ந்திருப்பார்கள். பூமிக்கடியில் அறை வேறு கட்டுவார்கள். நாம் கதவைத் திறந்து போட்டு வாழ்கிறோம். அதுவே நமக்குப் பாதுகாப்பு.

இன்னொரு மாநிலத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் அயோவா மாநிலம் நம்மைப்போல் உழவர் நிறைந்தது. சோளம் விளையும் சமவெளி. அதன் 99 மாவட்டங்களையும் ரேடான் மிகுந்த பகுதி என்று அந்நாட்டு அரசு வகுத்திருக்கிறது. பத்து வீட்டில் ஏழு வீடுகள் அந்நாட்டார் குறித்த வரம்பைத் தாண்டுகின்றன. ஆகவே அங்கே குடியானவர் சிறு விலைக்கு ஒரு சோதனைப் பொட்டலத்தை வாங்கி, சில நாள் வீட்டில் வைத்திருந்து, தபாலில் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார். அளவு மிகுந்தால் தரைக்கடியில் குழாய் இறக்கி, சிறு விசிறி பொருத்தி, மண்ணின் வாயுவைக் கூரைக்கு மேல் கொண்டுபோய் விட்டுவிடுகிறார். ஆனால் அயோவாவில் செய்ததை அப்படியே ஜவ்வாது மலையில் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் மண் வேறு, வீடு வேறு.

நம் மண்ணைப் பற்றிச் சொல்கிறேன். இந்த மலைகள் 200 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையானவை. இங்குள்ள பாறைகளில் முக்கியமானவை சார்னோக்கைட்டும் நைஸும். சார்னோக்கைட் என்ற பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக்கு வைத்த கல் நம் சென்னைப் பகுதியிலிருந்து போனது. அந்தக் கல்லை ஆராய்ந்த ஹாலண்டு என்ற நிலவியலார் 1893-ல் அந்த மனிதரின் பெயரையே கல்லுக்கும் சூட்டிவிட்டார். கல் நம்முடையது, பெயர் அவருடையது! அது போகட்டும். பூமியின் ஆழத்தில் மிகுந்த வெப்பத்தில் வெந்து உருவான இவ்வகைப் பாறையில் யுரேனியம் பொதுவாகக் குன்றியே இருக்கும். ஆகவே நம் மலையில் ரேடான் மலைமலையாகக் குவிந்திருக்கும் என்று எதிர்பார்க்கக் காரணம் இல்லை. ஆனால் பாறை இடத்துக்கிடம் மாறும். அருகே உள்ள ஏலகிரி மலையின் மண்ணைத் திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரியின் இயற்பியல் துறையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அளந்தபொழுது, யுரேனியம் மிகுதியாக இல்லை. தோரியமும் பொட்டாசியமும் உலகச் சராசரியைவிட மிகுந்திருந்தன.

தோரியம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். யுரேனியத்திலிருந்து ரேடான் வருவதுபோல் தோரியத்திலிருந்து தோரான் என்ற வாயு வருகிறது. அதன் ஆயுள் இன்னும் குறைவு. ஒரு நிமிஷத்திற்குள் பாதி அழிந்துபோகும். ஆகவே ஆழத்து மண்ணிலிருந்து புறப்பட்டது வீட்டை எட்டுவதற்குள் மாண்டுவிடும். ஆனால் சுவரே மண்ணாக இருந்தால்? சுவரின் மேற்பரப்பிலிருந்தே அது வெளிவரும். சுவரை ஒட்டிப் படுப்பவருக்கு அது கூடுதல்; நடு அறையில் குறைவு. இதற்குப் பரிகாரம் மிக எளிது. சுவருக்கு நல்ல பூச்சு பூசினால் போதும்; அந்தப் பூச்சைக் கடப்பதற்குள் பெரும்பகுதி அழிந்துவிடும். குழந்தையின் பாயைச் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளிப் போடுவதற்குக் காசும் வேண்டாம்.

இனி, எது எவ்வளவு அபாயம் என்ற கணக்கு. ஐரோப்பாவில் பதின்மூன்று ஆய்வுகளை ஒன்று சேர்த்து 2005-ல் கணக்கிட்டார்கள். புகை பிடிக்காத ஆயிரம் பேரில், ரேடானே இல்லாத வீட்டில் 75 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோயால் மாள்பவர் நால்வர். 100 பெக்கெரல் வீட்டில் ஐவர். 400 பெக்கெரல் வீட்டில் எழுவர். புகை பிடிப்பவர் ஆயிரம் பேரில் இதே கணக்கு முறையே நூறு, நூற்றிருபது, நூற்றறுபது. இந்த எண்களை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நானூறு பெக்கெரல் வீட்டில் வாழும் புகை பிடிக்காதவர், ரேடானே இல்லாத வீட்டில் வாழும் புகைப்பவரைவிட எத்தனையோ மடங்கு பத்திரமானவர். எனவே பீடியைப் பற்றவைத்துக்கொண்டே ரேடானைப் பற்றி என்னிடம் கவலைப்படுகிறவருக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே: முதலில் அதை அணையுங்கள்.

அடுத்தது அடுப்புப் புகை. வீட்டுக்குள் விறகு முதலியவற்றை எரிப்பதால் எழும் புகையால் 2020-ல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் அகால மரணமடைந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. மார்கழியிலும் தையிலும் இந்த மலையின் குளிர் நீங்கள் அறியாததன்று. சன்னலை அடைத்து, உள்ளே விறகடுப்பை மூட்டி, குழந்தைகளை அருகே படுக்க வைப்பது வழக்கம். அடைத்த வீட்டில் நெருப்பு எரிந்தால் சூடான காற்று மேலே போகும். அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து, தரை வெடிப்புகள் வழியே, மண்ணின் காற்று உள்ளே இழுக்கப்படும். புகையும் நிற்கும், ரேடானும் சேரும். ஒரு சன்னலைத் திறந்தால் இரண்டும் போகும். ஆகவேதான் ரேடானுக்கென்று தனியாகப் பெரும் செலவு செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. காற்றோட்டத்திற்குச் செலவு செய்யுங்கள் என்கிறேன்.

சன்னல் இருந்தால் மட்டும் போதுமா? புதிய வீடுகள் சிலவற்றில் நான் கண்டது, இருக்கிற ஒரே சன்னலுக்கு முன்னால் சாமை மூட்டைகள் கூரை வரை அடுக்கப்பட்டிருந்தன. குற்றம் சொல்ல முடியாது. தானியம் வைக்க வேறு இடம் வேண்டுமே. பாம்பு வரும், கொசு வரும் என்று அடைத்தவர்களும் உண்டு. அதற்குக் கம்பிவலை இருக்கிறது. வீட்டு அனுமதி வரும்பொழுது பஞ்சாயத்தார் கவனிக்க வேண்டியது, சன்னல்கள் எதிரெதிர்ச் சுவர்களில் அமைகின்றனவா, சுவரின் உச்சியில் மூடாத காற்றுத் துளைகள் விடப்படுகின்றனவா என்பதுதான். தரை போடும்பொழுது அடியில் சரளைக் கல் பரப்பி, அதன்மேல் தடித்த பாலிதீன் தாளை விரித்துக் கான்கிரீட் போட்டால், மண்ணின் ஈரமும் ஏறாது. வாயுவும் எளிதில் ஏறாது. பழைய வீட்டில் தரை வெடிப்புகளையும், சுவரும் தரையும் சேரும் மூலைகளையும் சிமெண்டால் அடைக்கலாம். வெடிப்பை அடைத்துவிட்டோம் என்று சன்னலையும் அடைத்துவிடக் கூடாது, சன்னலே முதன்மை.

ஆழ்குழாய்க் கிணற்று நீரிலும் பாறையிலிருந்து ரேடான் கரைந்து வரும். மேல்நிலைத் தொட்டியில் ஏற்றி, காற்றுப்படக் கொட்டி, சிறிது நேரம் நின்றால் பெரும்பகுதி வெளியேறிவிடும். கொதிக்க வைத்தாலும் போய்விடும். இதைப் பற்றி இதற்கு மேல் கவலை வேண்டாம்.

கேரளக் கடற்கரையில் கருநாகப்பள்ளி என்ற ஊர்ப்பக்கம் தோரியம் மிகுந்த கருமணல் இருக்கிறது. அங்கே வாழும் ஏறத்தாழ எழுபதினாயிரம் பேரை 1990 முதல் தொடர்ந்து கவனித்து, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். மண்ணிலிருந்து வெளிப்படும் கதிர்வீச்சால் அவர்களிடையே புற்றுநோய் மிகுந்ததாகக் காணவில்லை. அது உடம்பின் வெளியிலிருந்து படும் கதிர். மூச்சோடு உள்ளே போகும் ரேடான் கணக்கு வேறு. எனினும் கதிரியக்கம் என்ற சொல்லைக் கேட்டவுடன் ஊரைக் காலி செய்ய வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொன்னேன்.

அளப்பது எப்படி? காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி இயங்கி வருகிறது. பல கோடி மைலுக்கு அப்பால் உள்ள விண்மீனை இந்த மலையிலிருந்து அளக்கிறார்கள். காலடி மண்ணை அளக்க அவ்வளவு பெரிய கருவி வேண்டாம். கையளவுக் குடுவை ஒன்று போதும். அதனுள் சிவப்பு நிறமான ஒரு சிறு பிலிம் துண்டு இருக்கும். ஆல்பா கதிர் அந்தப் பிலிமில் பட்டால் கண்ணுக்குத் தெரியாத வடு விழும். மூன்று மாதம் வீட்டில் தொங்கவிட்டு எடுத்த பின், ஆய்வுக்கூடத்தில் அதைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 60 டிகிரி வெப்பத்தில் ஒன்றரை மணி நேரம் ஊறவைப்பார்கள். வடு பெரிதாகித் துளையாகும். நுண்பெருக்கியில் துளைகளை எண்ணினால் அளவு தெரியும். பாபா அணு ஆராய்ச்சி நிலையம் வடிவமைத்த குடுவையில் இரண்டு அறைகள் உண்டு, நடுவே ஊசித்துளைகள். அத்துளைகள் வழியே மெல்லப் போவதற்குள் தோரான் அழிந்துவிடும். ஆகவே இரண்டாம் அறையில் ரேடான் மட்டும் பதியும். இரண்டையும் ஒப்பிட்டால் தோரான் கணக்கும் கிடைக்கும். மின்சாரம் வேண்டாம், ஓசை இல்லை, வாசனை இல்லை.

பஞ்சாயத்தார் செய்யக்கூடியது இதுதான். அக்டோபர் 2-ம் நாள் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, அருகிலுள்ள கல்லூரியின் இயற்பியல் துறைக்கு எழுதுங்கள். மார்கழி பிறக்கும்பொழுது குடுவைகளைத் தொங்கவிட்டால் குளிர்காலத்து உயர்ந்த அளவு கிடைக்கும். சித்திரைக்குப் பின் மறுபடி மூன்று மாதம் வைத்தால் கோடைக் கணக்கும் தெரியும். ஒவ்வொரு ஊரிலும் ஒரு மண் வீடு, ஒரு கூரைத்தகட்டு வீடு, ஒரு கான்கிரீட் வீடு என்று தேர்ந்தெடுங்கள். பள்ளியையும் அங்கன்வாடியையும் விட்டுவிடாதீர்கள். குடுவை ஆள் உயரத்தில், சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி, சன்னலுக்கும் அடுப்புக்கும் விலகித் தொங்க வேண்டும். குழந்தைகள் விளையாட்டாக இறக்கிவிட்டால் அந்த நாளைக் குறித்து வைக்க வேண்டும். சோதனை நடக்கிறதென்று வழக்கத்துக்கு மாறாகச் சன்னலைத் திறந்தோ அடைத்தோ வைக்கக் கூடாது, எப்பொழுதும்போல் வாழுங்கள். அப்பொழுதுதான் அளவு உண்மையாக இருக்கும்.

முடிவு வந்ததும் அதை வீட்டுக்காரரிடம் தனியே கொடுங்கள். சபையில் பெயர் சொல்லிப் படிக்க வேண்டாம். ‘அது விஷ வீடு’ என்று ஒருமுறை பேச்சுக் கிளம்பினால், பெண் கொடுக்கவும் தயங்குவார்கள். பிறகு எந்த வீட்டிலும் குடுவை தொங்கவிட இடம் கிடைக்காது. ஊர்வாரியாக எத்தனை வீடு 100-க்குள், எத்தனை வீடு 100-க்கும் 300-க்கும் இடையில், எத்தனை வீடு அதற்கு மேல் என்ற எண்ணிக்கை மட்டும் பஞ்சாயத்து அலுவலகத்துப் பலகையில் இருக்கட்டும். முந்நூறைத் தாண்டிய வீடு ஏதேனும் இருப்பின், அந்த வாரமே தரை வெடிப்புகளை அடைத்து, எதிர்ச் சுவரில் ஒரு சன்னல் திறந்து கொடுத்து, அதே இடத்தில் புதிய குடுவையை மேலும் மூன்று மாதத்திற்குத் தொங்கவிடுங்கள்.